மைக்கு உறுமிய திருவிழா

குழாய் முதன்முதலாக உறுமியபோது, கொழுந்துக் கூடையோடு வந்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கூடையைப் போட்டுவிட்டு தங்கள் லயத்து வீடுகளைப் பார்த்து ஓடினார்கள். ஆனை வந்துவிட்டது என்று அவர்களுக்கு எண்ணம். சின்னக்கானல் பக்கத்தில் ஆனைப் பயம் இல்லை என்று ஒருவன் சொன்னால் அவன் நேற்று வந்தவனாக இருப்பான், இல்லாவிட்டால் புளுகனாக இருப்பான்.

காவல்காரர் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு சோலைப் பக்கம் போய்விட்டார். உறுமுவது ஆனையில்லை, நாடக மேடைக்கு மேலே மூங்கிலில் கட்டியிருக்கிற தகரக் குழாய்தான் என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். குழாய்ச் சத்தத்தில் என் சத்தம் யார் காதிலும் ஏறவில்லை.

மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின நாள் அது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. பேக்டரியிலிருந்து தேயிலை வாட்டுகிற வாசனை வந்தது. எங்கள் எஸ்டேட்டின் முதல் மைக்கை மாட்டிவிட்டு, பாராட்டு வாங்கலாம் என்று மேடையில் நின்றுகொண்டிருந்தவன் நான்.

"இது என்னல, மைக்கு மைக்குன்னு சொன்ன, மாட்டுக்குச் சீக்கு வந்த மாதிரில்லா கத்துது" என்றார் வேலுச்சாமி கங்காணி. அவர் என் பெரியப்பா, மேல் லயத்துக்குத் தலைவர்.

"தம்பி, அம்மனுக்கு யாரோ கொறை வச்சிருக்காங்கன்னு அங்கிட்டு நிக்கிறவருகிட்டச் சொல்லு" என்றார் சுப்பையா கங்காணி. அவர் கீழ் லயத்துக்குத் தலைவர். அங்கிட்டு நின்ற பெரியப்பா கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் நின்றார்.

போன வாரத்துத் தவளை

போன வாரம் டர்பைன் குழாயில் தவளை புகுந்து எஸ்டேட் முழுக்க இருண்ட கதையை எழுதியிருந்தேன். ஒரு தவளையால் அப்படி ஆகுமா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஒரு தவளை என்று நான் எங்கே எழுதினேன்? ஒரு குடும்பமே உள்ளே இருந்தது. அதை நம்பாதவர்கள் இந்த வாரத்துக் கதையைச் சுத்தமாக நம்பப் போவதில்லை, ஆகவே எனக்குக் கவலையில்லை.

கீழே போடியில்கூடப் பல வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் எங்கள் மலையில் கரண்டு இருந்தது. மனுஷனுக்காக இல்லை, தேயிலை உருட்டுவதற்காக. ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி டர்பைனைச் சுற்றினால் பேக்டரி முழுக்க ஓடும். நான் அங்கே வயர்மேன். அப்பா இறந்தபிறகு என்னை வளர்த்து, பேக்டரியில் சேர்த்துவிட்டவர் பெரியப்பா.

திருவிழாவுக்கு வருஷா வருஷம் மதுரைப் பக்கத்திலிருந்து நாடகக்காரர்கள் வருவார்கள். ராஜா பாடுகிற பாட்டை எங்கள் மலைக்காற்று அப்படியே அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தாக்கில் போட்டுவிடும். முன்னால் உட்கார்ந்தவர்கள் அழும்போது பின்னால் உட்கார்ந்தவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். சில சமயம் ராஜா செத்த சேதியே கடைசி வரிசைக்கு மறுநாள்தான் போய்ச் சேரும்.

துரைமார் கிளப்பில் ஆட்டத்துக்கென்று வாங்கிப் போட்ட ஆம்ப்ளிஃபையர் பெட்டியும் மைக்கும் சும்மா கிடந்தன. எங்கள் துரை அதைத் திருவிழாவுக்குக் கொடுத்தார். பெட்டி பேக்டரியை விட்டு வெளியே போகக் கூடாது, மறுநாள் விடியற்காலை பேர் கூப்பிடுகிற பிரட்டுக்கு ஆள் வர வேண்டும் என்பதால் நாடகம் பொழுதோடு முடிய வேண்டும் என்று இரண்டு கட்டளைகள். ஆகவே பெட்டி மேலே பேக்டரியில், மைக்கு கீழே கோயில் மேடையில், நடுவில் தேயிலைச் சரிவு. சரிவு நெடுக வயர் இழுத்தேன்.

சட்டை போட்ட வயர்

மைக்கு வயர் சாதாரண வயர் இல்லை. ரப்பர் போட்ட கம்பிக்கு மேலே, மெல்லிய செம்புக் கம்பியைப் பின்னி ஒரு சட்டை போட்டிருப்பார்கள். உள்ளே போகிற பேச்சு ரொம்பச் சின்னது. வெளியே திரிகிற கரண்டுச் சத்தம் அதில் கலந்துவிடாமல் சட்டை மறித்துக்கொள்ளும். மறித்ததை எங்காவது கொட்ட வேண்டுமே, அதற்குத்தான் எர்த்து. குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, இரும்புக் கால் ஒன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றி, சட்டையிலிருந்து ஒரு கம்பியைக் கொண்டுவந்து அதில் கட்ட வேண்டும்.

இதை நான் பேக்டரிக்குப் பின்னால் செய்துகொண்டிருந்தபோது பெரியப்பா வந்து பார்த்தார். துரை கொடுத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். அந்த பூட்ஸை அவர் தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவார், அதுவும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு.

"குழி வெட்டுத, உப்புப் போடுத, கால் நடுத, தண்ணி ஊத்துத. இது கால்நாட்டு இல்லாம வேற என்னல? கால்நாட்ட நேரங்காலம் பாக்காமலா செய்வாவ?"

திருவிழாப் பந்தலுக்கு முதல் கால் நடுவதென்றால் எங்களில் சும்மா இல்லை. நல்ல நேரம் பார்க்க வேண்டும், மஞ்சள் துணி சுற்ற வேண்டும், பால் ஊற்ற வேண்டும், ஊர்த் தலைவர் கை வைக்க வேண்டும். எர்த்துக்கும் கால்நாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மேளம் வந்துவிட்டது. போடிமெட்டு வழியாகக் கழுதைப் பொதியில் வந்த வேப்பிலையில் பாதியை என் எர்த்துக்கே கட்டினார்கள். கடைசியில் பூசாரி, காலையும் கம்பியையும் சேர்த்துக் காப்புக் கட்டினார். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிறவரைக்கும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் லயத்தில் அம்மை போடும் என்பார்கள்.

அன்றைக்கே பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். மைக்கில் நான் இருமியது கீழே குழாயில் மணி மாதிரி கேட்டது. அதோடு விட்டிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

மேளச் சத்தம் கீழ் லயத்துக்குக் கேட்டுவிட்டது. சுப்பையா கங்காணி வந்து நின்றார். "தம்பி, மைக்கு இருக்கிறது எங்க பக்கம். மைக்குக்குக் கால் நட்டது அவங்க பக்கம். இது எந்த ஊரு நாயம்? இங்கிட்டும் ஒரு கால் நடு. எங் கையால நடுறேன்."

எர்த்து இரண்டு இருந்தால் இரட்டைக் காவல்தானே என்று நானும் நினைத்தேன். மேடை ஓரத்தில் இன்னொரு குழி, இன்னொரு மேளம், மிச்சப் பாதி வேப்பிலை, இன்னொரு காப்பு. அதன்பிறகு பெட்டியைப் போட்டபோதுதான் ஆனை வந்தது.

ஒரு கிடாயின் தலை

இந்த இரண்டு கங்காணிகளுக்கும் சண்டை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என்றைக்கோ ஒரு திருவிழாவில் வெட்டிய கிடாயின் தலை யாருக்கு என்பதில் வந்தது. அந்தக் கிடாயைத் தின்றவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சண்டை மட்டும் சவுக்கியமாக இருந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவது கிடையாது. நடுவில் யார் நிற்கிறானோ அவன் வழியாகத்தான் பேச்சு. பல சமயம் நடுவில் நின்ற பாவி நான்.

இந்த லட்சணத்தில் எனக்குச் சுப்பையா கங்காணியின் மகள் பேச்சியம்மாள் மேல் ஆசை வந்தது. அவள் கொழுந்து நிறுக்க பேக்டரிக்கு வருவாள். செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, எடை போடுகிறவரிடம் ஒரு ராத்தலுக்கு மல்லுக்கட்டுவாள். அதைக் கேட்பதற்காகவே நான் அந்த நேரத்தில் தராசுக்கு மேலே இருக்கிற பல்பைக் கழற்றித் துடைப்பேன். எஸ்டேட்டிலேயே சுத்தமான பல்பு அதுதான்.

எங்கள் சனம்தான், ஊர்தான் வேறு. ஆள் விட்டுக் கேட்டேன். சுப்பையா கங்காணி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மேல் லயத்துக்காரனுக்கா குடுக்கிறன்னு எங்காளுங்க கேப்பாங்க. இந்தத் திருவிழாவுல எனக்கு ஒரு கொறை வராமப் பாத்துக்க. கேக்கிறவன் வாயை நான் அடைக்கிறேன்."

பெரியப்பாவும் கூப்பிட்டுச் சொன்னார்: "கீழ் லயத்துக்கு முன்னால என் தலை குனிஞ்சுதுன்னு வையி, நீ அங்கனயே போயி இருந்துக்கிடலாம். இந்த வாசப்படி மிதிக்கப்படாது."

இப்படி இருக்கும்போதுதான் குழாய் உறுமியது.

ஊற்றடியில் பேச்சு

ஒரு எர்த்து இருந்தபோது சத்தம் இல்லை, இரண்டானதும் உறுமுகிறது. கணக்குச் சுலபம், ஒன்று போக வேண்டும். ஆனால் இரண்டிலும் காப்பு. இரண்டு பக்கமும் ஆள் வேறு காவல்.

சாயங்காலம் ஊற்றடியில் பேச்சி குடத்தோடு வந்தாள். அவளிடம் சொன்னேன்.

"ரெண்டு கால் இருந்தா என்ன கேடு?" என்றாள்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு பக்கமும் வாசல் வச்சா, போறவன் வாறவன் எல்லாம் வீட்டுக்குள்ள பூந்துல்லா நடப்பான். அதே மாதிரிதான். பேக்டரிக் கரண்டு மண்ணுல கசிஞ்சு, ஒரு கால் வழியா ஏறி, வயர்ச் சட்டை வழியா நடந்து, இன்னொரு கால் வழியா எறங்குது. அது நடக்கிற சத்தந்தான் இது. ஒரு வாசலை அடைச்சாச் சரியாப் போவும்."

"எங்கப்பா காலுல கை வச்சீங்கன்னா நம்ம பேச்சு அன்னைக்கோட சரி."

"பெரியப்பா காலுல கை வச்சா எனக்குச் சோறு கெடையாது."

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அம்மா பாத்துக்கிருவா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கரண்டு விஷயத்தை அம்மனிடம் விட்டால் வயர்மேன் எதற்கு?

விடிய விடிய யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பெரியப்பா என்னைத் துரத்தினால் துரத்தட்டும். பேச்சியைக் கட்டாமல் அந்தச் சோற்றைத் தின்று என்ன ஆகப் போகிறது? மறுநாள் பொழுது சாயும் நேரம், காவல் இருந்த ஆட்களெல்லாம் முளைப்பாரி பார்க்கக் கோயிலுக்குப் போனபோது, பேக்டரிக்குப் பின்னால் குத்தவைத்து, மஞ்சள் துணிக்குள்ளே கையை விட்டு, காப்பு முடிச்சு கலையாமல் கம்பியை மட்டும் கட்டிங் பிளேயரால் நறுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பெட்டியைப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினேன்.

பாதி வழியிலேயே கேட்டது. முந்தின நாள் உறுமியது குட்டி ஆனை. இப்போது கூட்டமே வந்திருந்தது.

கங்காணி கை வைத்தார்

மேடை மண்ணைத் தண்ணீர் தெளித்து மெழுகியிருந்தார்கள். ராஜா வேஷக்காரர் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். குழந்தைகள் எல்லாம் அழுதன. எதை விட்டேன், எங்கே தப்பு என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கல்யாணம் போய்விட்டது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

சுப்பையா கங்காணிக்குக் கோபம் தலைக்கேறியது. வெறுங்காலோடு மேடையில் ஏறி, மைக்கு மாட்டியிருந்த இரும்புக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். சத்தம் பட்டென்று நின்றது. அவரே பயந்து கையை எடுத்தார். மறுபடி உறுமியது. பிடித்தார், அடங்கியது.

கீழ் லயமே குலவை போட்டது. "அம்மா எங்க கங்காணி கைக்குத்தான் கட்டுப்படுறா" என்று ஒரு கிழவர் கும்பிட்டார். சுப்பையா கங்காணி முகத்தில் அப்படி ஒரு தேஜஸ்.

பெரியப்பா விடுவாரா? டக் டக்கென்று மேடையேறி, என்னைப் பார்த்து, "அவரைக் கையை எடுக்கச் சொல்லுல" என்றார். சுப்பையா சிரித்துக்கொண்டே எடுத்தார். பெரியப்பா கம்பத்தைப் பிடித்தார். குழாய் நிற்காமல் உறுமியது. இன்னும் இறுக்கிப் பிடித்தார். இன்னும் உறுமியது. கீழ் லயம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியப்பா மேடையை விட்டு இறங்கி, ஒரு மூலையில் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. வெறுங்கால், ஈர மண். கம்பத்தோடு சேர்ந்திருக்கிற வயர்ச் சட்டைக்குச் சுப்பையா கங்காணி உடம்பு வழியாக எர்த்து கிடைக்கிறது. பெரியப்பா காலில் துரை பூட்ஸ், அதனால் கிடைக்கவில்லை. அப்படியென்றால் வயருக்கு இப்போது எர்த்தே இல்லை. நான் நறுக்கியது ஒன்றைத்தானே?

மேடை ஓரத்துக் காலுக்குப் போனேன். பக்கத்திலேயே பேச்சி தன் முளைப்பாரியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் துணிக்குள்ளே கையை விட்டேன். கம்பி சுத்தமாக அறுந்திருந்தது.

"நாந்தான்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. "முளைப்பாரி எறக்குற சாக்குல கத்தியால அறுத்தேன். உங்க பெரியப்பா உங்கள வெரட்டிருவாருல்ல?"

"நான் அவரு கம்பிய நறுக்கிட்டு வந்துட்டேனே."

"எதுக்கு?"

"உங்கப்பாவுக்குக் கொறை வரக் கூடாதுல்லா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த இரைச்சலுக்கும் கூத்துக்கும் நடுவில் எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"பாத்துக்கிட்டே இருந்தா ஆச்சா? ஒட்டுப் போடுங்க" என்று தன் கம்பளியை விரித்து மறைத்துக்கொண்டாள். மேலே பேக்டரிக்கு ஏற நேரமில்லை. அங்கேயே, அவளுடைய அப்பா நட்ட காலிலேயே, கம்பியைச் சேர்த்து முறுக்கினேன். உறுமல் அடங்கியது. சரியாக அதே நேரத்தில் மேடையில் சுப்பையா கங்காணி மறுபடியும் கம்பத்தைப் பிடித்ததால், அவர் கைக்குத்தான் அடங்கியது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நேரே பெரியப்பாவிடம் போனேன். "இன்னொரு தடவை வந்து பிடிங்க பெரியப்பா."

"போல அங்கிட்டு. இருக்கிற மானம் போதும்."

கையைப் பிடித்து இழுத்து வந்தேன். என்னைவிட இரண்டு மடங்கு ஆள் அவர், எப்படி இழுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சுப்பையா கையை எடுக்க, அந்தக் கை விலகுவதற்குள் பெரியப்பாவின் கையைக் கம்பத்தில் வைத்து அழுத்தினேன். குழாயில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இப்போது மேல் லயம் குலவை போட்டது.

சுப்பையா கங்காணி பார்த்தார். கையைச் சும்மா வைத்திருந்தால் பெருமை கைமாறிவிடும். அவரும் வந்து மறு பக்கம் பிடித்துக்கொண்டார். இனி யார் முதலில் விடுவது? இரண்டு பேரும் விடவில்லை.

அந்த வருஷத்து நாடகம் முழுக்க, நடு மேடையில் இரண்டு கங்காணிகள் கம்பத்தைப் பிடித்தபடி நின்றார்கள். ராஜா இருவருக்கும் நடுவே தலையை நுழைத்துப் பாடினார். ராணி பிரிவைச் சொல்லி அழுதபோது சுப்பையா கங்காணியும் பக்கத்தில் நின்று அழுதார், அது குழாயில் கேட்டது. போர்க் காட்சியில் பெரியப்பாவின் தலைப்பாகையை எதிரி ராஜா தட்டிவிட்டார். கடைசி வரிசைவரைக்கும் ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது.

நடு நாடகத்தில், சபையே அமைதியாக இருந்த ஒரு நேரத்தில், குழாய் வழியாக எஸ்டேட் முழுக்க ஒரு குரல் கேட்டது. "ஏங்க, கால் கடுக்குதுங்களா?"

"பூட்ஸு கடிக்கி வே" என்று இன்னொரு குரல் சொன்னது. கிடாய்த் தலைக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது.

காப்பு அவிழ்த்த நாள்

சுப்பையா கங்காணி சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே, குறை ஒன்றும் இல்லை என்று ஆள் அனுப்பிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் பெரியப்பா வாயிலிருந்து சம்மதம் வர வேண்டுமே.

திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கிற அன்று பெரியப்பா பால் செம்போடு பேக்டரிக்குப் பின்னால் வந்தார். கால் பிடுங்க நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் பிடுங்குகிறேன் என்று முன்னால் பாய்ந்தேன். "தள்ளுல" என்றார். காப்பை அவிழ்த்தார். மஞ்சள் துணியைப் பிரித்தார். நறுக்கின கம்பி முனை வெளியே வந்து நின்றது.

அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீதான?"

"ஆமா பெரியப்பா."

"அவம் பக்கத்துக் கம்பி?"

இதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. "அதுவும் அறுந்துதான் கிடந்துச்சு. நான் அறுக்கல. அவரு மகதான் அறுத்தா. நீங்க என்னைய வெரட்டிரக் கூடாதுன்னு. பொறவு நாந்தான் ஒட்டுப் போட்டேன்."

பெரியப்பா குனிந்து, ஒன்றும் நடக்காத மாதிரி, காலுக்குப் பால் ஊற்றினார்.

"நம்ம ஊட்டுப் பயலுக்காவ அப்பன் நட்ட காலையே அறுத்திருக்கா" என்றார் மெதுவாக. "தாலியை எப்பம் கட்டுத?"

அவர் பூட்ஸ் வாரை இறுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தவர், திரும்பி நின்றார்.

"கல்யாணப் பந்தக்காலை சுப்பையாவே அவன் வாசல்ல நடட்டும்னு சொல்லிரு. நான் நடல. ரெண்டு நட்டா உறுமும்."